பிடியரிசிக் கணக்கு

செமாராங், வடக்குக் கரை.
எங்கள் சந்தில் முப்பத்தொரு வீடு.
முன்பு முப்பத்து நாலு.
அந்த மூன்றைக் கடல் எடுக்கவில்லை,
ஆட்கள்தான் பூட்டிவிட்டுப் போனார்கள்.

வாசலுக்கு வாசல் ஒரு பால்டின் தொங்கும்.
தினம் அதில் ஒரு பிடி அரிசி.
இரவுக் காவலுக்குப் போகிறவர்கள்
டார்ச் அடித்துப் பார்த்துக் கொட்டிக்கொள்வார்கள்.
அதை விற்று பம்புக்கு டீசல் வாங்குவது என் வேலை.
நோட்டு என் தலையணைக்கடியில்,
பிளாஸ்டிக் பையில், இரண்டு முடிச்சு.
கட்டிலுக்குக் கீழே காலுக்கு ஆறு செங்கல்.

தரை தாழ்கிறது. மண் கொட்டி உயர்த்துகிறோம்.
கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.
குடிவந்த புதிதில் நிலைப்படியின் தலைக்கட்டை
கை நீட்டினாலும் எனக்கு எட்டாது.
இப்போது குனிந்துதான் நுழைகிறேன்.
அளக்க வருகிற ஆபீசர்களும் குனிகிறார்கள்,
அதில் மட்டும் ஒரு சின்ன சந்தோஷம்.

தரை ஏறும்போதெல்லாம் கதவின் அடியை அறுக்கவேண்டும்.
தச்சர் சுகிர்மான் அறுத்த துண்டை எறியவிடமாட்டார்.
"இவ்வளவு நாள் தண்ணீரைப் பார்த்த பலகை, பழகியிருக்கும்"
என்று பரணில் போடச் சொல்வார்.
எங்கள் வீட்டில் நாலு துண்டு.
பச்சை, பச்சை, நீலம், வெள்ளை.
எந்த வருஷம் என்ன பெயிண்ட் மலிவோ அந்த நிறம்.

பாலத்தூண் தாழ்வதில்லை, சந்துதான் தாழ்கிறது.
அதனால் தூணில் போட்ட சிவப்புக் கோட்டை
வருஷா வருஷம் நாலு விரற்கடை
கீழே இறக்கி வரைகிறோம்.
புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிய நேரமாகும்.

நோட்டின் பின்பக்கம் யாரை யார் தூக்குவது என்ற பட்டியல்.
சரியாத்தி: மருந்துப்பெட்டியோடு, மச்சான்கள் இருவர்.
பமுங்காஸ்: கால் வராது, மீன்வண்டியில்.
பமுங்காஸின் சேவல்: விவாதத்தில் உள்ளது.

பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி
மலைப்பக்கம் மழை, கடற்பக்கம் ஏற்றம்.
மூங்கில் மணியை விட்டுவிட்டு அடித்தால் திருடன்.
அன்றைக்கு விடாமல் அடித்தார்கள்.

பரணிலிருந்து துண்டுகள் இறங்கின.
சந்து முனையில் சுகிர்மான் பதித்த இரும்புக் காடிக்குள்
ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினோம்,
என் பச்சைமேல் யார் வீட்டுச் சிவப்போ,
அதன்மேல் பூட்டிப் போனவர்களின் மஞ்சள்.
இடுக்கில் பழைய சாரம், களிமண், கோணி.
சரியாத்தி மசூதி மாடியில்.
சேவலும் மாடியில்.

பம்பு இருமியது. நின்றது.
டீசல் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்,
அரிசி எங்கே போயிற்று என்பதுபோல.

வகிடி யாரையும் கேட்கவில்லை.
இரண்டு வருஷமாக டின்னில் ஒரு மணி போடாதவர்,
அவர் பெயருக்கு நேரே
பக்கம் பக்கமாக முட்டை போட்டிருக்கிறேன்.
படகு எஞ்சின் பார்க்கிற மனிதர்.
சட்டையைக் கழற்றினார், மூக்கைப் பிடித்தார்,
சாக்கடைக் குழிக்குள் முங்கினார்.

எண்ண ஆரம்பித்தேன், கணக்குப்பிள்ளை புத்தி.
நாற்பத்தி நாலில் ஒரு கை மேலே வந்தது.
அதில் ஒரு செருப்பு.
உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்திருந்த செருப்பு.

விடியும்வரை பம்பு ஓடியது,
எங்கள் தலைக்கு மேலே போகிற ஆற்றுக்குள்
எங்கள் தண்ணீரைத் தூக்கித் தூக்கி எறிந்துகொண்டு.
பலகைகள் ஒழுகின. கணுக்கால் அளவு.
கணுக்கால் என்றால் இங்கே
வராத மாதிரிதான்.

மறுநாள் வகிடியின் டின் வழக்கம்போல் காலி.
அவர் பெயருக்கு நேரே முட்டை போடக் கை வரவில்லை.
"செருப்பு, ஒன்று" என்று எழுதினேன்.

அது இடது கால். ஊதா வார்.
மசூதிப் படியில் காயவைத்திருக்கிறார்கள்,
யாரும் உரிமை கொண்டாடவில்லை.

அதன் ஜோடி போன வெள்ளத்திலிருந்து
என் கட்டிலுக்கடியில், செங்கல்லுக்குப் பின்னால்.
இது மட்டும்
கணக்கில் ஏறவில்லை.